காகத்தின் தயவில் குயில்

பங்குனி பாதியைத் தாண்டிவிட்டால் கொழும்பின் வெள்ளவத்தையில் விடியலுக்கு முன்னரே குயில் கூவத் தொடங்கிவிடும். காலி வீதியில் பஸ் ஓட்டம் சூடுபிடிக்குமுன், கடற்கரையோரத் தண்டவாளத்தில் முதல் ரயில் போகுமுன், ஏதோவோர் ஒழுங்கையில் மதிலுக்குப் பின்னால் நிற்கும் மாமரத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் எழும். தணிந்து தொடங்கும், ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட ஒரு படி உயரும், உச்சத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். பிறகு மறுபடி அடியிலிருந்து. கொஹா கூவிவிட்டது, அவுருது வருகிறது என்பார்கள் சிங்கள அயலவர்கள். முள்முருக்கின் சிவப்புப் பூவும் இந்தக் குரலும் சேர்ந்துதான் இந்தத் தீவில் சித்திரை வருஷப்பிறப்பை அறிவிக்கின்றன. மருத்துநீருக்கும் கைவிசேஷத்துக்கும் நாங்கள் பஞ்சாங்கம் பார்க்கும் அதே நாட்களில் குயிலும் ஒரு பஞ்சாங்கம் பார்க்கிறது. காகத்தின் கூடுதான் அதன் பஞ்சாங்கம்.

இலங்கையில் குயிலின் இனப்பெருக்கக் காலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை. காகங்கள் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாக்கும் காலத்தோடு அது ஒட்டியே ஓடுகிறது. குயில் கூடு கட்டாது. அடைகாக்காது. அதன் தலைமுறை முழுவதும் இன்னொரு பறவையின் கூட்டில்தான் உருவாக வேண்டும். காகம் முட்டையிடாத காலத்தில் ஆண்குயில் துணை தேடிக் கண்டுபிடித்தாலும் அதனால் பயனில்லை. நாங்கள் கேட்டு மகிழும் அந்தப் பாட்டின் தொடக்கத்திலும் காகம் இருக்கிறது, முடிவிலும் இருக்கிறது. காகத்தைக் கல்லெறிந்து துரத்துகிறோம், குயிலைக் காது குளிரக் கேட்கிறோம். இரண்டும் ஒரே கதை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் பாடுவது யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாரதியின் 'குயில் பாட்டு' முதல் சினிமாப் பாட்டுகள் வரை நமக்குக் குயில் என்றால் பெண். மரத்தில் கூவுவதோ ஆண். நீலம் மின்னும் கருமையான உடல், வெளிறிய பச்சைச் சாம்பல் அலகு, இரத்தச் சிவப்பான கண். பெண்குயிலைப் பார்த்தவர்கள் பலர் அதைக் குயிலென்றே அறிவதில்லை: பழுப்பு உடல், முதுகெங்கும் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் குறுக்குக் கோடுகள், அதே சிவந்த கண். அதன் குரலும் வேறு. கிக், கிக், கிக் என்று விரைவாக, கூர்மையாக, பெரும்பாலும் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பறக்கும்போது கேட்கும். அதில் இனிமை ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்குயில் காத்திருப்பது அந்தக் குரலுக்காகத்தான்.

அடர்ந்த இலைகளுக்குள் மறைந்து வாழும் பறவைக்குத் துணையைக் கவரத் தோகையும் நடனமும் அவ்வளவாக உதவாது. குரல் உதவும். பறவை கிளையை விட்டு அசையாமலே குரல் இலைகளைத் துளைத்துக்கொண்டு நான்கு ஒழுங்கைகளுக்கு அப்பால் போய்ச் சேரும். ஒரு கூவலில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பெண்ணுக்கு: இங்கே ஒரு ஆண் இருக்கிறது. மற்ற ஆண்களுக்கு: இந்த மரம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது. ஒரு குயில் கூவ, கொஞ்சம் தள்ளி இன்னொன்று உடனே எடுத்துப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் காதலர் உரையாடலாக நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அவை இரண்டும் ஆண்கள், நடப்பது போட்டி.

மரக்கிளையில் இருந்தபடி குரலால் துணையை அழைக்கும் வழி பறவைகளுக்கு மட்டும் உரியதல்ல. சிட்னியிலும் பிறிஸ்பேனிலும் உறவினர் உள்ள வெள்ளவத்தைக் குடும்பங்கள் அங்கிருந்து வரும் படங்களில் கோலாவைப் பார்த்திருக்கும். யூக்கலிப்டஸ் மரக் கவட்டில் பஞ்சுப் பொதி போல் உறங்கும் அந்தச் சாது, அங்கே வசந்தம் தொடங்கும் செப்டெம்பரிலிருந்து கோடை வரை இரவில் எழுப்பும் ஒலி பெரிய மிருகம் ஒன்றின் உறுமல் போல இருக்கும். அந்த அளவு உடலிலிருந்து வரக்கூடியதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு தாழ்ந்த சுருதி. தொண்டையில் உள்ள குரல்நாண்களுக்கு மேலே, மென்னண்ணத்தை ஒட்டி, இன்னொரு சோடி மடிப்புகள் அதற்கு உண்டு என்பதை ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்த பின்புதான் அந்தப் புதிர் அவிழ்ந்தது. மார்பில் உள்ள சுரப்பியை மரத்தில் தேய்த்து வாசனையாலும் ஆண் தன் இருப்பை எழுதிவைக்கும்.

அழைப்பு வரைக்கும் கோலாவும் குயிலும் ஒரே வழி. அதன் பின் வழி பிரிகிறது. பெண் கோலா சுமார் 35 நாட்களில் ஈனுகிறது. பிறக்கும் குட்டி ஒரு கிராம் எடையும் இராது. கண் திறவாத அந்தத் துளி உயிர் தானாகவே ஊர்ந்து தாயின் பைக்குள் போய் முலையைப் பற்றிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல் பைக்குள், பிறகு ஒரு வயதாகும் வரை தாயின் முதுகில். யூக்கலிப்டஸ் இலையின் நஞ்சைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்களைக்கூடத் தாய் தன் குடலிலிருந்து வரும் கூழாகக் குட்டிக்குக் கொடுக்கிறது. ஒரு குட்டிக்காக ஒரு தாய் இவ்வளவு சுமக்கிறாள். பெண்குயில் இந்தச் சுமை முழுவதையும் காகத்தின் தோளில் ஏற்றிவிடுகிறது.

எந்தக் காகத்தின் தோளில் என்பதற்கு இலங்கையில் ஒரு வரலாறு உண்டு. எங்களிடம் இரண்டு காகங்கள்: முழுக் கருப்பான, தடித்த அலகுள்ள அண்டங்காகம், கழுத்து சாம்பல் நிறமான வீட்டுக் காகம். 1880 வரை இந்தத் தீவில் குயில் அண்டங்காகத்தின் கூட்டில் முட்டையிடுவது மட்டுமே அறியப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக் காகத்தின் கூடுகளுக்கு அது மாறியது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875-இல் அடிக்கல் வைத்தார்கள். பத்தாண்டுகளில் அது எழுந்து முடிந்தது. கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் சரக்கும் சனமும் நிறைந்த நகரப் பகுதிகளாகத் திரண்டது அந்த நாட்களில்தான். சனம் திரண்ட இடத்தில் குப்பை திரளும், குப்பை திரண்ட இடத்தில் வீட்டுக் காகம் திரளும். குயிலின் மாற்றத்துக்கும் கொழும்பின் வளர்ச்சிக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்பது என் ஊகம். காலம் பொருந்தி வருவதால் அதை ஒதுக்கித் தள்ள மனம் வரவில்லை.

வீட்டுக் காகம் சோடியாகக் கூடு கட்டும். சுள்ளி குறைந்த நகரத்தில் அது கட்டுக்கம்பியையும் அறுந்த வயர்த் துண்டுகளையும் வளைத்துப் பின்னும். உட்புறம் நாரும் மயிரும் துணிக் கிழிசலும். கிண்ணம் போல் ஆழமான அந்தக் கூட்டில் மூன்று முதல் ஐந்து முட்டைகள், நீலப்பச்சை நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு. பதினாறு பதினேழு நாள் அடைகாத்தால் குஞ்சு வரும்.

குயிலின் திறமை முழுவதும் இந்த நாட்கணக்கில் அடங்கியிருக்கிறது. அதன் முட்டை பன்னிரண்டு முதல் பதினான்கு நாட்களில் பொரிந்துவிடும். வெறும் கூட்டில் அது முட்டையிடுவதாகத் தெரியவில்லை. காகம் முதல் முட்டை இடும்வரை காத்திருக்கும். பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வில், காகத்தின் முதல் முட்டை விழுந்து சராசரியாக ஒன்றரை நாளுக்குள் குயிலின் முட்டையும் கூட்டுக்குள் இருந்தது. குயில் குஞ்சு காகக் குஞ்சுகளுக்குச் சுமார் மூன்று நாள் முன்னதாக வெளிவந்தது. பசித்து வாய் திறப்பவர்களில் முதல் ஆளாக இருப்பதுதான் கூட்டுக்குள் உயிர் பிழைக்கும் வழி. மூன்று நாள் என்பது அங்கே பெரிய சொத்து.

இந்த முந்துதலுக்குக் குயிலின் குடும்பமான குக்கூ இனங்களில் ஓர் அகக் காரணமும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஐரோப்பியக் குக்கூவின் முட்டை முழுதாக உருவான பிறகும் ஏறத்தாழ ஒரு நாள் தாயின் உடலுக்குள்ளேயே தங்குகிறது. உடல் வெப்பத்தில் கரு வளரத் தொடங்கிவிடுகிறது. கூட்டில் வைக்கப்படும்போதே அது மற்ற முட்டைகளைவிட மூத்தது. பிரித்தானியப் பறவையியலாளர் டிம் பேர்க்ஹெட் குழுவினர் இதை 2011-இல் அளந்து காட்டினார்கள்.

கூட்டுக்குள் நுழைவது எளிதல்ல. காகங்களுக்குக் குயிலைக் கண்டாலே ஆகாது. ஆணோ பெண்ணோ, கூட்டருகே தென்பட்டால் விரட்டும். ஆண்குயில் சில நேரம் இந்த ஆத்திரத்தையே பயன்படுத்துகிறது. கூட்டுக்குப் பக்கத்தில் வெளிப்படையாக வந்து இருக்கும். காகங்கள் கரைந்துகொண்டு துரத்தும். அவை தூரப் போன நொடியில் புள்ளியுடல்காரி உள்ளே போய் முட்டையிட்டுவிடும். அந்தப் புள்ளிகளும் பழுப்பும் இலை நிழலில் அவளை மறைப்பதற்குத்தான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான நேரங்களில் இந்த நாடகமும் தேவைப்படுவதில்லை. கூடு காவலற்றுக் கிடக்கும் தருணத்துக்காகத் தனியே காத்திருந்து காரியத்தை முடிக்கிறாள். காக முட்டையொன்றை எடுத்துவிட்டுத் தன் முட்டையை வைப்பதும் உண்டு. ஒரு கூட்டில் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு முட்டை. பதினொன்று வரை கண்ட பதிவும் இருக்கிறது. அவை ஒரே பெண்குயிலுடையவையாக இருக்க வழியில்லை.

முட்டை காகத்தினுடையதை ஒத்த நிறம், ஆனால் சிறியது. காகம் ஏன் கண்டுபிடிப்பதில்லை? காகம் ஏமாளி என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. காகத்தின் பக்கம் நின்று பார்த்தால் சந்தேகப்படுவதன் விலை தெரியும். இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில் நூறு வீட்டுக் காகக் கூடுகளில் ஐந்தில்தான் குயில் முட்டை இருந்தது. மீதித் தொண்ணூற்றைந்து கூடுகளில், கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறதே என்று ஒரு முட்டையைத் தூக்கி எறியும் காகம் தன் சொந்தப் பிள்ளையையே எறிந்திருக்கும். சந்தேகக்காரக் காகத்தின் வம்சம் சுருங்கும். நம்பும் காகத்தின் வம்சம் பெருகும். இடத்துக்கு இடம் இந்தக் கணக்கு மாறும். பங்களாதேஷில் மைனாவின் கூட்டிலும் கீச்சானின் கூட்டிலும்கூடக் குயில் முட்டையிடுகிறது.

குஞ்சு பொரிந்த பிறகு நடப்பது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. ஐரோப்பியக் குக்கூவின் குஞ்சு, கண் திறக்குமுன்பே, மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏந்திக் கூட்டின் விளிம்புக்கு ஏற்றி வெளியே தள்ளிக் கொன்றுவிடும். இதை முதலில் விரிவாக எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். அவர் அம்மைத் தடுப்பூசியைக் கண்டறியுமுன்பே, 1788-இல், லண்டன் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் அது வந்தது. பலர் நம்ப மறுத்தார்கள். எங்கள் குயில் குஞ்சு அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு ஒரே கூட்டில், தோளோடு தோள் உரசி வளர்கிறது. இரக்கத்தால் அல்ல. காகத்தின் முட்டை பெரிது, கூடு ஆழமானது; அதைத் தள்ள முயன்றால் குஞ்சு களைத்துப் பசியால் சாகலாம், தானே தவறி விழவும் கூடும். பகிர்ந்து உண்பது அதைவிட மலிவு என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

சிட்னிக்குப் போனவர்கள் அங்கேயும் குயில் கூவுவதைக் கேட்டு ஊர் நினைவில் நின்றிருப்பார்கள். அது எங்கள் குயிலின் மிக நெருங்கிய உறவினம். நியூகினிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வசந்தத்துக்கும் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு வருவது. அங்கே அது முட்டையிடுவது காகத்தைவிடச் சிறிய பறவைகளின் கூட்டில். அந்தக் குஞ்சு கூட்டாளிகளைத் தள்ளிக் கொல்கிறது. வளர்ப்புத் தாய் மாறினால் பிள்ளையின் குணம் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் காகக் குஞ்சுகளுக்கு இழப்பு உண்டு. பிந்திப் பிறந்த, மெலிந்த குஞ்சுகள் இரை போதாமல் சாகின்றன. குயில் குஞ்சு கருப்பாகவே இருக்கும். பெண்ணானாலும் கூட்டில் இருக்கும்போது தாயின் பழுப்பைவிடத் தந்தையின் கருமையே அதில் மேலோங்கித் தெரியும். ஆரம்ப நாட்களில் அதன் கத்தலும் காகக் குஞ்சின் கத்தலைப் போலவே இருக்கும். ஆகவே ஊட்ட வரும் காகம் வேறுபாடு பார்ப்பதில்லை. வளர்ந்த குயில் பழந்தின்னி. ஆலம்பழம், அரசம்பழம், ஜாம் பழம் என்று வாழ்வது. கூட்டில் இருக்கும் குஞ்சோ காகம் கொண்டுவருவதையெல்லாம் விழுங்கும். வெள்ளவத்தைச் சந்தையின் மீன் குடல், ஹோட்டல் பின்கட்டுப் பாண் துண்டு, எலி வால். ஆடி அமாவாசையன்று எங்கள் வீடுகளில் பிதிரரை நினைத்துப் படைத்துக் காகத்துக்கு வைக்கும் சோறும் அந்த மாதங்களில்தான் போகிறது. காகம் அதில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறந்தால், அது போய்ச் சேரும் இடம் ஒரு குயில் குஞ்சின் தொண்டையாகவும் இருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஒட்டுண்ணிக் குஞ்சு எப்போதும் நட்டம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. வடக்கு ஸ்பெயினில் காகக் கூட்டில் வளரும் வேறொரு குக்கூ இனத்தின் குஞ்சு, தொல்லைப்பட்டால் பொறுக்க முடியாத நாற்றமுள்ள திரவத்தைப் பீச்சும். கூட்டைக் கொள்ளையடிக்க வரும் மிருகங்கள் அதனால் விலகுகின்றன. கொள்ளையர் அதிகமான ஆண்டுகளில் குக்கூ குஞ்சு இருந்த கூடுகளே அதிகம் தப்பின என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மூன்று நான்கு வாரங்களில் குயில் குஞ்சு கூட்டை விட்டு வெளியேறும். பெண்குயில்கள் சிலவேளை வந்து காகக் கூட்டில் உள்ள குயில் குஞ்சுகளுக்கு ஊட்டுவதைக் கண்டிருக்கிறார்கள். முழுதாகக் கைவிட்ட தாய் என்று அவளைச் சொல்வது அதனால் சரியல்ல. ஆனால் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அவள் வருவதில்லை. தந்தையும் வருவதில்லை. காகக் கரைச்சலைத் தவிர வேறொன்றைக் கேட்டு வளராத ஆண் குஞ்சு, வளர்ந்ததும் குயிலாகவே கூவுகிறது. அந்தச் சுருதியேற்றம் அதன் நரம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இங்கே பறவையியல் நம்மைத் திகைக்கவைக்கிறது. கேட்டுக் கற்றுப் பாடும் பறவைகள் அடங்கிய பெரும் பிரிவைப் பாடும் பறவைகள் என்று வகுத்திருக்கிறார்கள். காகம் அதில் இருக்கிறது. குயில் இல்லை. கற்றுக்கொள்ளும் தொண்டையும் மூளையும் காகத்துக்குத்தான்.

குக்கூக் குடும்பத்தில் எல்லோரும் இப்படி அல்ல. ஐந்தில் மூன்று பங்கு இனங்கள் தாமே கூடு கட்டித் தாமே வளர்ப்பவை. மதிலோரப் பற்றைக்குள் கனத்த குரலில் உம், உம் என்னும் செண்பகம் குயிலின் குடும்பம்தான். அதில் ஆணும் கூடு கட்டும், அடைகாக்கும், இரை ஊட்டும்.

காகம் போன இடமெல்லாம் குயில் போகவில்லை. கப்பலேறிக் கிழக்கு ஆபிரிக்கத் துறைமுகங்களுக்குப் போன வீட்டுக் காகம் அங்கே குயில் இல்லாமல் பெருகியது. சிங்கப்பூரில் 1980-களில் குயில் வந்து சேர்ந்து, காகக் கூடுகளைப் பிடித்துக்கொண்டு, இப்போது அந்த நகரத்தின் விடியற்குரலாகிவிட்டது. கொழும்பில் இரண்டுக்கும் தட்டில்லை. கொட்டாஞ்சேனையில் புளூமெண்டல் வீதிப் பக்கம் மலையாகக் குவிந்திருந்த குப்பை மேடு காகங்களுக்கு நெடுங்காலம் சோறு போட்டது. இன்றைக்கும் காகத்துக்கு இரைத் தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு மரத்துக்குத்தான். வெள்ளவத்தையில் ஒரு பழைய வீடு இடிந்து தொடர்மாடி எழும்போது, முதலில் விழுவது பின்வளவு மாமரமும் ஜாம் மரமும். காகம் விளக்குக் கம்பத்திலும் கூடு கட்டிவிடும். குயிலுக்கு மறைந்திருக்க இலையும், தின்னப் பழமும் வேண்டும். விகாரைகளின் அரச மரங்களும் கோயில் வளவுகளும் பாடசாலை மைதான ஓரங்களும்தான் இனி அதற்கு மிஞ்சும். புதிதாகக் கட்டுபவர்கள் வாகனத் தரிப்பிடத்துக்கு அளக்கும் இடத்தில் ஒரு பழமரத்துக்கும் அளந்துவிட்டால் பெரிய உபகாரம்.

ஜூன், ஜூலையில் காகக் கூட்டுக்குக் கீழே கருங்குஞ்சொன்று விழுந்து கிடக்கக் கண்டால் அதன் காலைப் பாருங்கள். மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் காகம். இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக இருந்தால் குயில். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: பூனை எட்டாத மதில் மேலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிடுங்கள். பாலும் பாணும் ஊட்ட வேண்டாம். தலைக்கு மேலே கரைந்துகொண்டு காகம் கொத்த வரும். கையால் மறைத்துக்கொண்டு விலகிப் போனால் போதும். பெரும்பாலும் அது இறங்கிவந்து குஞ்சின் வாயில் இரையை வைத்துவிட்டுத்தான் போகும்.